படுத்துப் பார்த்தவர்

எங்கள் வீட்டுக்கு முதன்முறை வந்தபோது அவர் நாற்காலியில் உட்காரவில்லை. கூடத்தின் நடுவில் மல்லாந்து படுத்தார்.

என் மனைவி காபி கலக்க உள்ளே போயிருந்தாள். நான் செய்தித்தாளுடன் இருந்தேன். எதிர்வீட்டில் புதிதாகக் குடிவந்த, நாற்பதைக் கடந்த அந்தப் பெண்மணி மரியாதைக்கு ஒரு வார்த்தை பேசிவிட்டுச் சேலைத் தலைப்பை இறுகச் செருகிக்கொண்டார். பிறகு சிமெண்ட் தரையில் நீட்டிப் படுத்து, கைகளை வயிற்றின்மேல் கோத்துக்கொண்டு, மேலே பார்க்கத் தொடங்கினார். மயக்கம் வந்துவிட்டதென்று எண்ணி நான் எழுந்தேன்.

"ஒண்ணும் இல்ல சார். நீங்க பேப்பர் படிங்க," என்றார்.

காபியுடன் வந்த என் மனைவி, டம்ளரை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவர் தலைமாட்டில் நின்றாள்.

"நிக்கசொல்ல ஊடு மூஞ்சியக் காட்டும் டீச்சர். படுக்கசொல்லதான் வவுத்தக் காட்டும்," என்று தரையிலிருந்தபடியே விளக்கம் சொன்னார். பிறகு எழுந்து, முதுகுத் தூசியைத் தட்டிவிட்டு, காபியை நின்றவாறே குடித்தார். "ஒங்க பீமு நல்லா கீது. வென்டிலேட்டர் வெளிச்சம் அதுமேல சாஞ்சு வுழுது. காலைல பாத்தீங்களா?"

பார்த்ததில்லை என்றேன். அவர் அதற்காக என்னைக் குறைவாக எண்ணியதாகத் தெரியவில்லை. தகவலாக மட்டும் எடுத்துக்கொண்டார்.

என் மனைவி சென்ற ஆண்டு காலமானாள். அவளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தரும்படி அவள் பணியாற்றிய பள்ளியின் பழைய மாணவியர் கேட்டனர். பலமுறை அமர்ந்தும் இயலவில்லை. எழுத எடுத்த ஒவ்வொரு முறையும் இந்தப் பெண்மணி குறுக்கே வந்து படுத்துக்கொண்டார். எனவே முதலில் இவரை எழுதிவிடுகிறேன். பெயரைக் குறிக்கவில்லை. எங்கேனும் உயிருடன் இருப்பாரானால், தம் பெயரை இன்னொருவர் எழுதுவதை அவர் விரும்ப மாட்டார்.

எண்பதுகளின் பிற்பகுதி அது. மேனாம்பேட்டில் எங்கள் கட்டடம் இரண்டு மாடிகள் கொண்டது. பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஊழியர்கள் சிலரும், என்னைப் போன்ற வெளியாட்கள் இருவரும் சேர்ந்து ஓர் ஒப்பந்தக்காரரிடம் விட்டுக் கட்டிக்கொண்டது. நான் நகரத்துக் கல்லூரி ஒன்றில் தருக்கவியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். நாங்கள் இரண்டாம் மாடி. எங்கள் எதிர்வீட்டை அதன் உரிமையாளர் வாடகைக்கு விட்டிருந்தார்; அதில்தான் அவர் தனியாக வசித்தார். கணவர் வளைகுடாவில் இருக்கிறார் என்று கட்டடத்தில் பாதிப் பேரும், அப்படி ஒருவர் இல்லவே இல்லை என்று மீதிப் பேரும் சொல்லிக்கொண்டனர். அவரிடம் கேட்டவர் எவருமில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் ஏற்றுமதி உடை நிறுவனத்தின் துணி வெட்டும் பிரிவில் அவருக்கு வேலை. விடியற்காலையில் புறப்பட்டு, முதல் ஷிப்ட் முடிந்து, பிற்பகலில் வீடு திரும்புவார். அந்தத் தொழிற்கூடத்தின் கூரை ரம்பப் பற்களைப் போலச் சாய்ந்தும் நிமிர்ந்தும் செல்வது. நிமிர்ந்த பகுதிகளில் கண்ணாடி பதித்து, வடக்கு வெளிச்சம் மட்டும் இறங்கும்படி அமைத்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே உணவு இடைவேளையில் அவர் வெட்டு மேசைகளுக்கு இடையே படுத்துவிட்டார்.

"ஷாக் அடிச்சிடுச்சுன்னு நென்சுகினான் சார் சூப்ரைசரு. தொடக் கூடாதுன்னு கட்டைய எடுத்தாந்து தட்டறான். அய்யோ அய்யோன்னு மெயினை வேற ஆஃப் பண்ணிட்டானுங்க. எல்லா மெஷினும் நின்னுபோச்சு. அப்போதான் அந்தக் கூர நல்லாத் தெரிஞ்சுது," என்று சிரிக்காமல் சொல்வார். என் மனைவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

அந்தக் கூரையை அவர் போர்வையாகத் தைத்திருந்தார். வெட்டி மிஞ்சிய துண்டுகளை நிறுவனமே ஊழியர்களுக்குக் கொடுத்துவிடும். மற்றவர்கள் அவற்றைக் கரித்துணியாகவும் தலையணைக்குள் திணிக்கவும் கொண்டுபோவார்கள். இவர் அவற்றை நீளத்தாலும் நிறத்தாலும் பிரித்து அடுக்கி வைப்பார். பின் அட்டையில் அளவு வெட்டி, துண்டுக்குத் துண்டு இணைத்து, உள்ளே பழைய பருத்திச் சேலையை மடித்து வைத்து, மூன்றடுக்கையும் சேர்த்துப் பொடிப்பொடியாக ஓட்டுத்தையல் போடுவார். தொழிற்கூடக் கூரைப் போர்வையில் ரம்பமும் இல்லை, கண்ணாடியும் இல்லை. சாம்பல் நிறச் சாய்சதுரங்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு போயின. ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரு வெள்ளைக் கீற்று. ஓர் ஓரத்தில் மட்டும் பொருத்தமே இல்லாத மஞ்சள். அதன் முன் நின்றால் சிறிது நேரத்தில் அந்த மஞ்சள், எங்கோ திறந்து விடப்பட்ட ஒரு கதவின் வெயில் என்று தோன்றும். அப்படித் தோன்றுகிறது என்று நான் சொன்னபோது அவர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

என் துறை நண்பர் ஒருவர், ஓவியத்தில் தோய்ந்தவர், ஒரு ஞாயிறன்று வந்தபோது அதைக் கண்டு வியந்து, "இது அசலான நவீன அரூபக் கலை," என்றார்.

"அப்டின்னா இன்னா சார்?"

"உருவம் எதுவும் இல்லாமல்..."

"உருவம் கீதே. நீங்க நின்னுகினு கீறீங்க."

நண்பர் நல்ல மனிதர். வேட்டியை ஒழுங்கு செய்துகொண்டு தரையில் படுத்தார். சற்றுநேரம் கழித்து, "மின்விசிறி தெரிகிறது," என்றார். "அத வுட்டுட்டுப் பாருங்க," என்றார் அவர். அதற்குள் நண்பர் அயர்ந்து தூங்கிவிட்டார்.

சில ஆண்டுகளில் எங்கள் கட்டடத்தில் அவர் படுக்காத வீடு இல்லை. அவர் போர்வை இல்லாத வீடும் இல்லை. குழந்தை பிறந்தால், மஞ்சள் காமாலை தேறினால், மகனுக்கு வேலை கிடைத்தால் ஒரு போர்வை வரும். விற்றதில்லை. அதில் அவருக்கு ஒரு விதி இருந்தது. எந்த வீட்டின் கூரையைக் கண்டு தைத்தாரோ அந்த வீட்டுக்கு அதைத் தரமாட்டார். "தன் ஊட்டு வவுத்தத் தானே போத்திகினா மூச்சு முட்டும்," என்பார். யாருடைய கூரை யாருடைய கட்டிலில் கிடக்கிறது என்பதும் அவருக்கு மட்டுமே தெரியும்.

கீழ்த்தளத்தில் ஓய்வுபெற்ற ஃபோர்மேன் ஒருவர் இருந்தார். குடியிருப்போர் சங்கத்தின் தலைவர், கோவைப் பக்கத்துக்காரர். அவர் மகள் திருமணத்துக்கும் ஒரு போர்வை போயிற்று. மாடிப்படியின் அடிப்பக்கம் அது என்று நான் ஊகித்தேன்: கறுப்புப் பட்டைகள் படிப்படியாகக் குறுகி ஒரு மூலையில் முடிந்தன.

"ஏனுங்கம்மா, கலியாணத்துக்குப் போயிக் கருப்பு வெச்சுத் தெச்சிருக்கீங்களே, ஒரு பூவு, ஒரு மயிலு போடக் கூடாதுங்களா?" என்று அவர் நேராகவே கேட்டார்.

"அது கறுப்பு இல்லீங்க, நெழலு."

"நெழலுன்னாலும் கருப்புத்தானுங்களே?"

"அப்போ வெளிச்சம் வரசொல்ல எடுத்துப் போத்திக்கச் சொல்லுங்க," என்றார் அவர். போர்வை மணமகளோடு போகவில்லை. ஃபோர்மேன் வீட்டு அலமாரியின் மேல் ஏறிக்கொண்டது.

அந்தப் பெண்மணியின் இன்னொரு பழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். தம் போர்வையில் பிறர் கை படுவதை அவர் பொறுக்கமாட்டார். என் மனைவி நன்றாகத் தைப்பாள். ஒருமுறை, இடமில்லாமல் எங்கள் வீட்டில் விரித்துவிட்டுப் போயிருந்த முடியாத போர்வை ஒன்றில், ஆசை தாங்காமல் ஒரே ஒரு வரிசை ஓட்டுத்தையல் போட்டுவிட்டாள். மறுநாள் வந்தவர் தடவிப் பார்த்ததுமே கண்டுகொண்டார். கோபிக்கவில்லை. பிளேடு கேட்டு வாங்கி, ஒவ்வொரு தையலாகப் பிரித்து, நூலை விரலில் சுற்றி அவளிடமே கொடுத்தார். "இந்தாங்க டீச்சர், ஒங்க நூலு."

"நல்லா இல்லையாக்கா?"

"நல்லாத்தான் கீது. நான் பாத்தது இல்ல அது."

என் மனைவி அந்த நூலை எறிந்துவிடவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் மனைவியின் முதுகுத்தண்டில் தட்டு விலகியது. பலகைக் கட்டிலில், மல்லாந்த நிலையில், பல மாதங்கள் அசையாது படுத்திருக்க வேண்டும் என்றார் மருத்துவர். பள்ளிக்கு நீண்ட விடுப்பு. நான் காலையில் அவளுக்கு வேண்டியவற்றைச் செய்துவிட்டு ரயிலைப் பிடிப்பேன், திரும்ப மாலையாகிவிடும். இடைப்பட்ட பிற்பகல்களை அவர் எடுத்துக்கொண்டார். ஷிப்ட் முடிந்ததும் நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, அவளுக்குச் சோறு ஊட்டி, உடம்பு துடைத்துவிட்டு, கட்டிலருகே தரையில் தாமும் படுத்துக்கொள்வார். ஒருவர் மேலே, ஒருவர் கீழே. அக்கா என்றும் டீச்சர் என்றும் அழைப்பது அப்படியே இருந்தது. அவர் என் மனைவியைச் சொல்லும் 'நீங்க' எப்போது 'நீ' ஆயிற்று என்பதை நான் அறியேன்.

ஒருநாள் மாணவர் வேலைநிறுத்தத்தால் பிற்பகலிலேயே திரும்பினேன். கதவைத் திறக்கையில் உள்ளிருந்து பேச்சு கேட்டது.

"ஃபோர்மேன் ஊட்டம்மா கேக்குது, நீ டீச்சரம்மாவப் பாத்துக்கறியா, சீலிங்கப் பாத்துக்கறியான்னு."

"என்ன சொன்னீங்க?"

"டீச்சருக்கு ஒட்டடை இல்ல, அதுக்குக் கீதுன்னேன்."

என் மனைவி சிரிக்கும் ஒலி. சிரித்தால் முதுகு வலிக்கும், வலியோடு சிரித்தாள். நான் செருமினேன். இருவரும் பேச்சை நிறுத்திவிட்டனர். அவர் எழுந்து தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "சார் வந்துட்டாரு, நான் வரேன்," என்று போய்விட்டார். அன்று மாலைவரை வீட்டில் நான் இருந்தேன். அவள் என்னிடம் அன்பாகவே பேசினாள்.

அவள் படுத்திருந்த அறையின் கூரையில் ஒரு விரிசல் வந்திருந்தது. இதை நான் பின்னால்தான் அறிந்தேன் எனினும், படிப்பவருக்குக் குழப்பம் நேராதபடி இங்கேயே சொல்லிவிடுகிறேன். மின்விசிறிக் கொக்கியருகே மயிரிழையாகத் தோன்றி, சுவரை நோக்கி நகர்ந்தது. அவர்தான் முதலில் கண்டார். கண்ட வாரமே ஒரு போர்வையைத் தொடங்கினார். சுண்ணாம்பில் நீலம் கலந்தாற்போன்ற வெளிர் துண்டுகள். அவற்றின் குறுக்கே துருநிறத்தில் ஒரு கோடு. கூரையில் விரிசல் நீள நீள, போர்வையில் முடித்த பகுதியைப் பிரித்து, கோட்டை நீட்டித் தைப்பார். எவ்வளவு வந்திருக்கிறது, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று நாள்தோறும் இருவரும் பேசுவார்கள். ஒருநாள் பூச்சிலிருந்து ஒரு துகள் காபி டம்ளருக்குள் விழுந்தது.

"சார் கைல சொல்லிடலாமா?" என்று அவர் கேட்டிருக்கிறார்.

"வேண்டாம்க்கா. சொன்னா ஆள் வெச்சுக் கொத்துவாங்க. என்னை வில்லிவாக்கத்துல எங்க அண்ணன் வீட்ல கொண்டுபோய்ப் போட்டுடுவார். அங்க யார் வந்து என் பக்கத்துல படுப்பாங்க?"

அவர், "செரி," என்று ஊசியை எடுத்துக்கொண்டார்.

மழைக்காலம் முடிந்து நன்றாக வெயில் அடித்த ஒரு பிற்பகலில் கூரை பெயர்ந்து விழுந்தது. பூச்சும் அதற்கு மேலிருந்த காங்கிரீட் பாளமும் அறையின் கால்மாட்டுப் பக்கம் கொட்டின. என் மனைவியின் கட்டிலில் புழுதி மட்டுமே படிந்தது. தரையில் படுத்திருந்தவரின் இடது கைமேல் ஒரு பாளம் விழுந்தது. ஓசை கேட்டு ஓடிவந்தவர்களுள் ஃபோர்மேனே முதலாமவர். அவர் கண்ட காட்சியைப் பிறகு ஓராண்டாவது எல்லோரிடமும் சொல்லியிருப்பார்: "கையிலிருந்து ரத்தம் கொட்டுதுங்க. அந்தம்மா உக்காந்துட்டு மேல பாத்துட்டு இருக்குதுங்க. கம்பியெல்லாம் துருப்புடிச்சுத் தொங்குது, அதைப் பாத்துட்டு இருக்குது. ஒரு முனகல் இல்லீங்க."

என் மனைவியின் கால்களை, தைத்து முடியாத அந்த விரிசல் போர்வை மூடியிருந்தது. புழுதியை உதற ஃபோர்மேன் அதைத் தூக்கி விரித்தார். உதறப் போனவர் நின்றுவிட்டார். நாற்பதாண்டு இயந்திரக்கூடத்தில் வரைபடமும் பொருளும் ஒத்திருக்கின்றனவா என்று சரிபார்த்தவர் அவர். போர்வையைப் பார்த்தார், கூரையில் எஞ்சியிருந்த பாதி விரிசலைப் பார்த்தார், மறுபடியும் போர்வையைப் பார்த்தார்.

"தெரிஞ்சிருக்குது," என்றார்.

அடிபட்ட அந்தப் பெண்மணிக்கு மருத்துவமனையில் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். இரண்டு விரல்கள் பின்னர் மடங்கவே இல்லை. ஒரு பொறியாளர் வந்து பார்த்து, எங்கள் கிணற்றின் உவர்நீரிலேயே காங்கிரீட் கலந்திருக்கிறார்கள், கம்பிகள் உள்ளுக்குள் அரித்திருக்கின்றன, மற்ற வீடுகளிலும் இருக்கலாம் என்றார். ஒப்பந்தக்காரர் ஊரிலேயே இல்லை. அவரை எவரும் திட்டிக்கூட முடிக்கவில்லை. அதற்குள் அனைவருக்கும் அந்தப் பெண்மணி தங்கள் வீட்டிலும் படுத்திருந்தார் என்பது நினைவுக்கு வந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு காலை மொட்டை மாடியில் போர்வைகளை எல்லாம் கொண்டுவந்து விரித்தார்கள். விரிசலைத் தேடினார்கள். ஊடுகதிர்ப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுபோல் சிலர் அவற்றைத் தூக்கிப் பிடித்தனர். எது எவருடைய கூரை என்று தெரியாததால் ஒவ்வொரு கோடும் ஒவ்வொருவர் தலைக்கு மேலும் இருந்தது.

"இந்தச் செகப்புப் பட்டை எங்க வீடுதான். எங்க ஃபேன்தான் இப்படி ஓரத்துல இருக்கு."

"உங்களது நீளமா இருக்கும் சார். இது எங்களது. பாருங்க, லாஃப்ட் மாதிரி ஒண்ணு."

"லாஃப்டா? அது சமையக்கட்டு ஜன்னல் போலத் தெரியுதே."

அலமாரியின் மேலிருந்த கல்யாணப் போர்வையும் வந்துவிட்டது. ஃபோர்மேன் அதைத் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் திருப்பிப் பார்த்துவிட்டு, கறுப்புப் பட்டைகள் தம் பூஜையறை மூலையில் குவிவதாக முடிவுசெய்து, அன்றே கொத்தனாரைக் கூப்பிட்டு அந்த மூலையைக் கொத்தினார். கல்லைப்போல் இருந்தது.

"நல்லா கீற சீலிங்க ஏன் நைனா ஒடிக்கச் சொல்ற?" என்று கொத்தனார் கேட்டார்.

கட்டுப் போட்ட கையுடன் அவரை மாடிக்கு அழைத்து வந்தார்கள். கைப்பிடிச் சுவருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் இடையே வெயிலில் விரிந்து கிடந்த போர்வைகளைக் கண்டதும் அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி வந்தது. அந்த மலர்ச்சியை என்னால் இன்றளவும் மன்னிக்கவும் முடியவில்லை, குறைசொல்லவும் முடியவில்லை.

"எல்லாத்தையும் ஒண்ணா இப்பத்தான் பாக்கறேன்," என்றார்.

"எது எங்க வீடு? அதைச் சொல்லுங்க," என்றாள் முதல் மாடியில் கைக்குழந்தை வைத்திருந்த பெண். "புள்ள அங்கதான் தூங்குது."

"ஒங்க ஊட்ல ஒண்ணும் இல்லமா. இருந்தா சொல்லியிருப்பேன்."

"டீச்சர் வீட்ல இருந்துச்சே. சொன்னீங்களா?"

அவர் குனிந்து ஒரு போர்வையின் ஓரத்தை நேராக்கினார். போர்வைகளை வரிசைமாறிப் போட்டிருக்கிறார்கள் என்று மட்டும் தாழ்ந்த குரலில் குறைபட்டுக்கொண்டார்.

மாலையில் சங்கக் கூட்டம் எங்கள் வீட்டில் நடந்தது. படுக்கையறை இடிபாடாக இருந்ததால் என் மனைவியின் கட்டில் கூடத்துக்கு வந்திருந்தது. அதைச் சுற்றி அனைவரும் அமர்ந்தனர். அவர் வாசற்படியருகே நின்றார்.

ஃபோர்மேன் நேரே கேட்டார்: "சுத்தி வளைக்கல. அந்தக் கீறலு உங்களுக்கு முன்னமே தெரியுமுங்களா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"கோடு எங்க போய் முடியுதுன்னு பாத்துகினு இருந்தேன்."

கூடத்தில் எழுந்த இரைச்சலில் என் மனைவியின் குரல் முதலில் எவருக்கும் கேட்கவில்லை. அவள் தலையை உயர்த்த முயன்று, இயலாமல், கூரையை நோக்கியே உரக்கச் சொன்னாள்: "நான்தான் சொல்ல வேண்டாம்னேன். அக்கா சொல்லிடலாமான்னு கேட்டாங்க. வேண்டாம்னு நான்தான் தடுத்தேன். எனக்கும் தெரியும்."

நான் அப்போதுதான் அதை முதன்முறை கேட்டேன்.

"இல்ல," என்றார் வாசலருகே நின்றவர். "டீச்சருக்கு ஒண்ணும் தெரியாது. அவங்க பாக்கவே இல்ல. அது நான் பாத்தது."

"அக்கா!"

"சும்மா இரு டீச்சர்."

கூட்டம் அவரைத்தான் நம்பியது. நம்புவது எளிதாகவும் இருந்தது. "டீச்சருக்கு எளகின மனசுங்க," என்றார் ஃபோர்மேன், என்னைப் பார்த்து. எதிர்வீட்டின் உரிமையாளர் அவரை மாதக் கடைசிக்குள் காலிசெய்யச் சொன்னார். அந்தப் பெண்மணி அதற்கும் முன்பாகவே, சைக்கிள் ரிக்‌ஷா ஒன்றில் துணி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். விடைபெற வரவில்லை.

கூட்டத்தன்று எல்லோரும் கலைந்த பிறகு என் மனைவி ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்: "என் தையலைப் பிரிச்ச மாதிரியே பிரிச்சுட்டாங்க."

அவள் தேறினாள். கைத்தடியுடன் நடந்தாள், பள்ளிக்கும் திரும்பினாள். ஆனால் அந்த மறுப்பு அவளை விட்டு நீங்கவில்லை. சமைக்கும்போது, விடைத்தாள் திருத்தும்போது, திடீரென்று கேட்பாள்: "என்னைக் காப்பாத்தத்தானே அப்படிச் சொன்னாங்க?" ஆம் என்பேன். சில நாள் கழித்து: "இல்லைங்க. பழியிலகூட எனக்குப் பங்கு கொடுக்க மனசில்லை அவங்களுக்கு." இரண்டும் ஒருங்கே உண்மையாக இருக்கலாம், ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்று நான் விளக்கினேன். "உங்க கிளாஸ்ல சொல்லுங்க," என்று எழுந்து போய்விட்டாள்.

தொண்ணூறுகள் முடியும் தறுவாயில், அவர் திருமழிசையில் இருப்பதாக யாரோ சொன்னார்கள். என் மனைவி போயே தீர வேண்டும் என்றாள். பேருந்தில் போனோம். தொழிற்பேட்டைக்குப் பின்னால், வயலை ஒட்டிய ஒரு வரிசை வீட்டில் அவரைக் கண்டோம். ஏதோ பெட்டி கட்டும் பட்டறையில் வேலை என்றார். முடி நரைத்திருந்தது. மடங்காத விரல்களால் துணியைப் பிடிக்க இயலாததால், பலகையில் ஆணியடித்துத் துணியை மாட்டி, ஒரு கையாலேயே தைத்துக்கொண்டிருந்தார். அது எதன் கூரை என்று நாங்கள் கேட்கவில்லை. எங்களைக் கண்டு அவர் மகிழ்ந்தார் என்றே நினைக்கிறேன். சோடா வாங்கிவந்து கொடுத்தார்.

என் மனைவி அதைத் தொடவில்லை. "ஒண்ணு கேக்கணும்க்கா. அன்னிக்கு ஏன் அப்படிச் சொன்னீங்க? நான் பாக்கலைன்னு?"

"அது பழய கத. வுடு."

"எனக்குப் பழசு இல்லை. என்னைக் காப்பாத்தறதுக்கா? இல்லை, என்கூடப் பங்கு போட்டுக்க இஷ்டம் இல்லையா?"

அவர் ஊசியைப் பலகையில் குத்தி நிறுத்தினார். "ரெண்டும் இல்ல டீச்சர். நெஜத்தத்தான் சொன்னேன். நீ பாக்கல."

"தினம் பேசினோமே. எங்க திரும்புது, எவ்வளவு வந்திருக்குன்னு."

"நான் சொல்லிகினு இருந்தேன். நீ உம் போட்டுகினு இருந்தே. டாக்டர் மல்லாக்கப் படுன்னாரு, நீ கேக்கல. தலையக் கட்டில் ஓரத்துக்குத் திருப்பிகினு என்னத்தான் பாத்துகினு இருந்தே. எல்லா நாளும். எனக்குத் தெரியாதா? கன்னத்துல தெரியுமே."

பக்கத்துப் பட்டறையில் தகட்டை அடிக்கும் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது.

"தெரிஞ்சும் நீங்க திரும்பலையேக்கா," என்றாள்.

"நான் கோட்டப் பாத்துகினு இருந்தேன்," என்றார் அவர். குரலில் வருத்தமும் இல்லை, கடுமையும் இல்லை. பிறகு எழுந்து, வாசலில் போய் நின்று வெளியே எட்டிப் பார்த்தார். "கெளம்புங்க. இந்த பஸ்ஸ வுட்டா அப்புறம் கூட்டமா வரும். நிக்க முடியாது ஒன்னால."

நெடுஞ்சாலைவரை கூடவே வந்து, கைகாட்டிப் பேருந்தை நிறுத்தி, என் மனைவியைப் பிடித்து ஏற்றிவிட்டார். அதன்பின் நாங்கள் அவரைப் பார்க்கவில்லை.

பூந்தமல்லி தாண்டியபோது என் மனைவி, "அவங்க சொன்னது நிஜம்தாங்க," என்றாள். ஜன்னலோரம் அமர்ந்திருந்தாள். வானகரம் கடந்து, அம்பத்தூர் வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் அவளையே பார்த்துக்கொண்டு வந்தேன்.